சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய மூதாதையரின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பல குடும்பங்களில் "எங்கள் கொள்ளுத்தாத்தா சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்" என்ற பேச்சு மட்டும் தங்கியிருக்கும். எந்த ஊர், எந்த ஆண்டு, கூட யார் வந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. மருமகன், மருமகள், பேரப்பிள்ளையின் பள்ளி வேலை என்று ஏதோ ஒரு வழியில் இந்தத் தேடல் இப்போது தமிழர்கள் கைக்கும் வந்து சேருகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நேராக சுவிஸ் பதிவேடுகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். நாடு முழுமைக்கும் சேர்த்து, பெயரைத் தட்டினால் ஆளைக் காட்டும் பழைய பட்டியல் எதுவும் அங்கே இல்லை. எல்லாமே ஊர்வாரியாகத்தான் இருக்கிறது. ஊர் தெரியாதவரை சுவிஸ் பக்கம் போக வேண்டாம். கீழே உள்ள வரிசை அதற்காகவே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குடியேறியவரின் முழுப் பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, வந்து இறங்கிய காலம், மனைவியின் பெயர், உடன்பிறந்தோரில் ஒருவர் பெயராவது: இவை குறைந்தபட்சம் வேண்டும். பெயரும் "சுவிஸ்" என்ற சொல்லும் மட்டும் இருந்தால் இரண்டாம் படியில்தான் நீண்ட நாள் இருக்கப் போகிறீர்கள். அதில் தவறில்லை.

வீட்டில் இருக்கும் பழைய காகிதங்களை எல்லாம் முதலில் வெளியே எடுங்கள். குடும்ப பைபிள், ஞானஸ்நானச் சான்று, பழைய கடவுச்சீட்டு, ஆண்களின் ராணுவச் சேவைப் புத்தகம், "ஹைமாட்ஷைன்" என்று தலைப்பிட்ட ஒற்றைத் தாள். கடைசியில் சொன்னது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒருவர் எந்த ஊரின் குடிமகன் என்று அந்த ஊரே கொடுக்கும் சான்று அது.

கருவிகளில் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் ஒரு இலவசக் கணக்கு போதும். கட்டணத் தளங்களுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம்.

2. குடியேறிய நாட்டின் ஆவணங்களை முதலில் முடியுங்கள்

கப்பல் பட்டியலில் பெரும்பாலும் "சுவிட்சர்லாந்து" என்று மட்டுமே எழுதியிருப்பார்கள். 1820 முதல் அமெரிக்கத் துறைமுகங்களில் பட்டியல்கள் இருந்தாலும், ஊர்ப் பெயரை எதிர்பார்த்து அவற்றிலேயே மாதக்கணக்கில் உட்காராதீர்கள். 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் விதிவிலக்கு. அவற்றில் கடைசியாக வசித்த இடம் இருக்கும். ஆனால் சுவிஸ் மக்கள் பெருமளவில் பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகம் வழியாகத்தான் போனார்கள். ஆகவே ஹாம்பர்க்கில் பெயர் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம்.

ஊர்ப் பெயர் உண்மையில் எங்கே கிடைக்கிறது? முதலில் குடியேறியவர் சேர்ந்திருந்த தேவாலயத்தின் பதிவுகளில். புராட்டஸ்டன்ட் பிரிவான ஜெர்மன் சீர்திருத்த சபையின் போதகர்கள் அடக்கப் பதிவில் பிறந்த ஊரை எழுதிவைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அடுத்தது ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளில் வந்த இரங்கல் செய்திகள். ஆங்கிலப் பத்திரிகை ஒற்றை வரியில் முடித்த அதே மரணத்துக்கு, ஜெர்மன் பத்திரிகை ஊர், கன்டன் (சுவிஸ் மாநிலம்), வந்த ஆண்டு எல்லாம் கொடுத்திருக்கும். அப்புறம் கல்லறைக் கற்கள். 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களிலும் பிறந்த ஊர் உண்டு. அதற்கு முந்தையவை பெரும்பாலும் நாட்டின் பெயரோடு நின்றுவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஊருக்காகப் பார்க்காதீர்கள், காலத்துக்காகப் பாருங்கள். 1900 கணக்கெடுப்பில் குடியேறிய ஆண்டு இருக்கிறது. 1880இல் பெற்றோர் பிறந்த நாடு இருக்கிறது. 1890 கணக்கெடுப்பு தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுதும் இல்லாமல் போனது. அதைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

உங்கள் ஆளைப் பற்றி எதுவும் கிடைக்காதபோது அவருடைய அண்ணன், தங்கை, மைத்துனர், பக்கத்துப் பண்ணைக்காரர், பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர் ஆகியோரைத் தேடுங்கள். சுவிஸ் மக்கள் கூட்டமாகவே போனார்கள். விஸ்கான்சினின் நியூ கிளாரஸ் 1845இல் கிளாரஸ் கன்டன்காரர்கள் உருவாக்கியது. இந்தியானாவின் பெர்ன் நகரம் பெர்ன் பகுதியின் மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1852இல் உருவாக்கியது. பிரேசிலின் நோவா ஃப்ரிபுர்கோ 1819இல் குடியேறிய ஃப்ரிபூர் கன்டன் மக்களுடையது. குடியேற்றத்தின் பெயரே சில சமயம் கன்டனைச் சொல்லிவிடும். ஆனால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தேடும் திசையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பிறந்த ஊர் வேறு, பூர்வீக ஊர் வேறு

இந்தப் படியைப் புரிந்துகொள்ளாதவர்கள் எத்தனை பதிவேடு புரட்டினாலும் குடும்பம் கையில் சிக்காது. சுவிஸ் குடியுரிமை முதலில் ஓர் ஊருக்கு உரியது, அதன் வழியாகக் கன்டனுக்கு, அதன் வழியாக நாட்டுக்கு. அந்த ஊரை ஜெர்மன் பேசும் பகுதியில் ஹைமாட்டோர்ட் அல்லது பியூர்கரோர்ட் என்பார்கள். இங்கே பூர்வீக ஊர் என்று சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகத் தந்தை வழியில் வந்தது இது. பாட்டன் காலத்திலேயே ஊரை விட்டுப் போயிருந்தாலும், பேரன் அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராவிட்டாலும், அவன் அந்த ஊர்க்காரன்தான். நம்மூரில் பூர்வீகம் எது என்று கேட்கிறோமே, அதே உணர்வு. ஆனால் அங்கே அது சட்டம். இன்றும் சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது, பூர்வீக ஊர்தான் இருக்கும்.

கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட மரமில்லுக்குச் சொந்தக்காரரான ஜான் சட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் யோஹான் ஆகஸ்ட் சூட்டர். 1803இல் அவர் பிறந்தது கான்டர்ன் என்ற ஊரில். அது சுவிட்சர்லாந்திலேயே இல்லை, ஜெர்மனியின் பாடன் பகுதியில் இருக்கிறது. 1826இல் திருமணம் செய்துகொண்டது பெர்ன் கன்டனின் புர்க்டோர்ஃபில். 1834இல் அமெரிக்கா போனார். ஆனால் பூர்வீக ஊர், பாசெல் பகுதியில் உள்ள ரூனன்பெர்க். கான்டர்னில் தேடுபவருக்கு ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைக்கும், அதோடு பாதை நின்றுவிடும். பாட்டன், முப்பாட்டன் எல்லாம் ரூனன்பெர்க் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

இதில் தேடுபவருக்குப் பெரிய வசதியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பல கன்டன்களில், ஊரை விட்டுப் போன குடிமக்களின் திருமணம், பிள்ளைப்பேறு, மரணம் எல்லாம் பூர்வீக ஊருக்குத் தெரிவிக்கப்பட்டு அங்கே குடும்பவாரியாக எழுதப்பட்டன. பெர்ன் கன்டனில் இதற்குப் புர்கர்ரோடல் என்று தனிப் பதிவேடே இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் தந்தை, தாய், பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். சில இடங்களில் ஓரத்தில் "அமெரிக்காவில்" என்ற குறிப்பும் இருக்கும்.

பெண்களைத் தேடும்போது கவனம் தேவை. திருமணமானதும் பெண் கணவரின் பூர்வீக ஊருக்கு மாறிவிடுவார். கணவரின் ஊரைப் பெறும் இந்த விதி 2012 இறுதி வரை இருந்தது. ஆகவே பாட்டியின் ஆவணத்தில் இருக்கும் ஊர் தாத்தாவின் ஊராகவே இருக்கும். பாட்டியின் பிறந்த வீட்டைப் பிடிக்கத் திருமணப் பதிவுதான் வேண்டும்.

4. குடும்பப் பெயரை அதன் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோங்கள்

கடல் தாண்டிய பெயர் அப்படியே இருப்பது அரிது. க்ரேபில், க்ரேபியல் என்று வழங்கும் பெயர்கள் க்ரேயன்பூலில் இருந்து வந்தவை. யோடர் பழைய யோடரேதான், எழுத்துக்கூட்டு மட்டும் மாறியது. பாக்மன் அங்கே போய் பாமன் ஆனது. ரூக்ஸெக்கர் ரிக்செக்கர் ஆனது. சிலர் பெயரை மொழிபெயர்த்தே விட்டார்கள். மில்லர் என்பவர் முன்பு முல்லராகவும், கார்பென்டர் என்பவர் ட்ஸிம்மர்மனாகவும் இருந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. குடும்பம் கையொப்பமிட்ட மிகப் பழைய ஆவணத்தைத் தேடிப்பிடியுங்கள். குமாஸ்தா எழுதியதை விட அவரே எழுதிய கையொப்பத்துக்கு மதிப்பு அதிகம். பிறகு பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்து, ஜெர்மனில் அந்த ஒலியை எப்படியெல்லாம் எழுதலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். க-ப-த ஒலிகளில் வல்லினமும் மென்மையான வடிவமும் மாறி மாறி வரும். உயிரொலியும் மாறும்: கெர்பர், கார்பர் இரண்டும் ஒன்றே.

முதற்பெயர்களிலும் இதே சிக்கல்தான். பெர்ன் பகுதியில் கிறிஸ்டன் என்றால் கிறிஸ்டியான். பென்டிஷ்ட் என்றால் பெனடிக்ட். யூலி என்றால் உல்ரிஷ். மாட்லே என்றால் மக்தலேனா. வெரேனா அமெரிக்காவில் வெரோனிக்கா, ஃபிரானி, ஃபேனி என்று எப்படியும் மாறியிருக்கலாம்.

5. குடும்பப் பெயர்ப் பதிவேட்டில் தேடுங்கள்

இப்போதுதான் சுவிஸ் பக்கம் போகும் நேரம். சுவிஸ் வரலாற்று அகராதியின் இணையதளத்தில் குடும்பப் பெயர்ப் பதிவேடு இலவசமாக இருக்கிறது. 1962இல் எந்தெந்தக் குடும்பப் பெயர் எந்தெந்த ஊரில் குடியுரிமை பெற்றிருந்தது என்பதை அது காட்டும். பெயரைத் தட்டினால் ஊர்ப்பட்டியல் வரும். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அந்தக் குடும்பம் எப்போது குடியுரிமை பெற்றது என்பதும் இருக்கும்: 1800க்கு முன்பா, 19ஆம் நூற்றாண்டிலா, 20ஆம் நூற்றாண்டிலா என்று மூன்று பிரிவுகள்.

பட்டியலின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். உங்கள் ஆள் 1850இல் கிளம்பியவர் என்றால், 20ஆம் நூற்றாண்டில் குடியுரிமை பெற்ற ஊர்களை எல்லாம் அப்படியே அடித்துவிடலாம். கன்டன் தெரிந்திருந்தால் மற்ற கன்டன்களையும் அடித்துவிடலாம். அரிய பெயராக இருந்தால் மிஞ்சுவது இரண்டு மூன்று ஊர்தான். முல்லர், மையர் போன்ற பெயர் என்றால் இந்தப் பதிவேட்டால் பயனில்லை. இரண்டாம் படிக்கே திரும்பிப் போய் ஊரைத் தேட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 1962க்குள் ஆண் வாரிசு இல்லாமல் முடிந்துபோன குடும்பங்கள் இதில் இல்லை. பெயர் இல்லாததை வைத்து "அவர் சுவிஸ் இல்லை" என்று முடிவுக்கு வரக் கூடாது.

இந்தக் கட்டத்தில் "உங்கள் குடும்பச் சின்னம்" என்று கேடயப் படங்களை விற்பவர்கள் கண்ணில் படுவார்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. பூர்வீக ஊர் உறுதியாகும் வரை அதன் பக்கமே போக வேண்டாம்.

6. ஊருக்கான தேவாலயமும் ஆவணக்காப்பகமும் எவை என்று கண்டுபிடியுங்கள்

ஊர் கிடைத்ததும் அந்த ஊர்ப் பெயரிலேயே பதிவேடு இருக்கும் என்று நினைத்துவிடுவார்கள். சிறிய ஊர்களுக்குத் தனித் தேவாலயம் இருக்காது. ரூனன்பெர்க்கையே எடுத்துக்கொண்டால், அது பக்கத்து ஊரான கில்ஷ்பெர்க் தேவாலயத்தைச் சேர்ந்தது. சூரிச் ஏரிக்கரையிலும் ஒரு கில்ஷ்பெர்க் இருக்கிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள். ஊர்ப் பெயரோடு கன்டன் பெயரையும் சேர்த்தே குறித்துவைக்கச் சொல்வது இதனால்தான்.

எல்லைகளும் மாறியிருக்கின்றன. பாசெல் 1833இல் நகரக் கன்டன், நாட்டுப்புறக் கன்டன் என இரண்டாகப் பிரிந்தது. ரூனன்பெர்க்கின் ஆவணங்களுக்கு இன்று லீஸ்டாலில் உள்ள காப்பகத்தைத்தான் கேட்க வேண்டும். ஜூரா கன்டன் 1979 வரை பெர்னின் பகுதி. ஆர்காவ், வோ ஆகியவை தனிக் கன்டன்கள் ஆனது 1803இல். கிளாரஸ் கன்டன் 2011இல் தன் 25 ஊராட்சிகளை மூன்றாக இணைத்துவிட்டது. வரலாற்று அகராதியில் ஊர்ப் பெயரைத் தேடினால் பழைய எல்லையும் எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தது என்பதும் கிடைக்கும்.

காப்பகங்கள் கன்டனுக்குக் கன்டன் வேறு வேறு மாதிரி. பெர்ன் காப்பகம் 1875 வரையிலான தேவாலயப் பதிவேடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. கிளாரஸில் குப்ளி-முல்லர் என்பவர் கன்டனின் குடும்பங்களுக்கெல்லாம் வம்சாவளி தொகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பூர்வீகம் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். கத்தோலிக்கப் பகுதிகளில் சில பழைய பதிவேடுகள் இன்னும் ஊர்த் தேவாலயத்திலேயே இருக்கும்.

7. பதிவேட்டைப் படிப்பது

சீர்திருத்தக் (புராட்டஸ்டன்ட்) கன்டன்களில் பதிவேடுகள் 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தொடங்குகின்றன. கத்தோலிக்க இடங்களில் ட்ரென்ட் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கத்தின் 1563ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, பல ஊர்களில் இன்னும் தாமதமாக.

ஜெர்மன் பேசும் பகுதியின் கையெழுத்து குர்ரென்ட் என்ற பழைய வகை. ஜெர்மன் தெரிந்தவர்களுக்கே இது புரியாது. ஆகவே மொழி தெரியவில்லை என்று தயங்க வேண்டியதில்லை, எல்லாரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறோம். முதலில் உங்கள் குடும்பப் பெயரை அந்த எழுத்தில் பலமுறை எழுதிப் பழகுங்கள். கை பழகினால் கண் தானாகப் பிடிக்கும். அதில் 'e' எழுத்து 'n' எழுத்தைப் போலவே இருக்கும். 'u' எழுத்தின் மேல் ஒரு சிறு வளைவு இருக்கும், 'n' எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பெயர்களில் பாதியைப் படித்துவிடலாம்.

பெர்ன் பகுதி ஞானஸ்நானப் பதிவு ஒன்றில் தேதி, தந்தை பெயர், தாயின் பெயர், பிள்ளையின் பெயர், சாட்சிகள் (ஞானப்பெற்றோர்) ஆகியவை இருக்கும். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருப்பது பெரிய உதவி. ஆண் குழந்தைக்குச் சாட்சிகள் இரண்டு ஆண்கள், ஒரு பெண். பெண் குழந்தைக்கு இரண்டு பெண்கள், ஓர் ஆண். பிள்ளையின் பெயர் மங்கிப் படிக்க முடியாமல் போனாலும் சாட்சிகளை எண்ணினால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஒரு சாட்சியின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருப்பார்கள், அதை வைத்து மங்கிய பெயரையும் ஊகிக்கலாம்.

தேதியில் இரண்டு பொறிகள். ஒன்று, அங்கே இருப்பது ஞானஸ்நான நாள். பிறந்த நாள் அதற்குச் சில நாள் முன்பு. இரண்டாவது, மாதப் பெயருக்குப் பதில் 7 என்று எழுதி "பெர்" என்று முடித்திருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். பழைய ரோமானிய எண்ணிக்கை அது. இதைத் தவறாகப் படித்தவர்களின் வம்சாவளிகளில் திருமணமான இரண்டாம் மாதமே பிள்ளை பிறந்திருக்கும், பிறகு அதை விளக்க ஒரு கதையும் கிளம்பும்.

1701க்கு முன் சீர்திருத்தக் கன்டன்களில் பழைய ஜூலியன் நாட்காட்டி. சூரிச், பெர்ன், பாசெல் ஆகியவற்றில் 1700 டிசம்பர் 31க்கு அடுத்த நாள் 1701 ஜனவரி 12. கத்தோலிக்கக் கன்டன்கள் அதற்கு நூறாண்டு முன்பே மாறிவிட்டன. தேதிகளை நீங்களாக மாற்றி எழுதாமல், பதிவேட்டில் இருப்பதை அப்படியே குறித்துவையுங்கள்.

8. இவர்தான் அவர் என்று உறுதி செய்யுங்கள்

பெயர் பொருந்துகிறது, ஆண்டு பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் கிறிஸ்டியான் கெர்பர் என்ற பெயரில் பலர் இருப்பது எமன்டால் பள்ளத்தாக்கில் சாதாரணம்.

முதலில், அந்தப் பிள்ளை உயிரோடு வளர்ந்ததா என்று அடக்கப் பதிவேட்டில் பாருங்கள். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானங்கள் தெரிந்தால் முதல் பிள்ளை இறந்திருக்கலாம், அடக்கப் பதிவில் தேடுங்கள்.

அடுத்து, அவர் அதே ஊரிலேயே திருமணம் செய்து முதுமையில் இறந்தாரா என்று பாருங்கள். இருந்தால் அவர் உங்கள் ஆள் இல்லை. குடியேறியவர் சுவிஸ் பதிவுகளில் ஒரு கட்டத்துக்குப் பிறகு காணாமல் போக வேண்டும்.

கடைசியாக உறவினர்களை ஒப்பிடுங்கள். அமெரிக்கப் பக்கம் நீங்கள் திரட்டிய அண்ணன், தங்கை, மைத்துனர் பெயர்கள் இந்தக் குடும்பத்திலும் அதே வயதுக் கணக்கில் இருக்கின்றனவா? தனி ஒருவரின் பெயர் தற்செயலாகப் பொருந்தும். நான்கு உடன்பிறந்தோர் அதே வரிசையில் பொருந்துவது தற்செயலாக இருக்காது. இரண்டாம் படியில் பக்கத்து வீட்டுக்காரர் வரை தேடச் சொன்னதன் பலன் இங்கேதான் கிடைக்கும்.

இணையத்தில் யாரோ போட்டுவைத்த வம்சாவளியை இந்தச் சோதனை முடியும் முன் உங்கள் கணக்கில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். அதில் இருக்கும் பிழை உங்கள் பெயரிலும் பரவும்.

9. 1876க்குப் பிறகு கிளம்பியவர் என்றால்

1876 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு அரசின் கைக்கு வந்தது. 1929 முதல் பூர்வீக ஊர்தோறும் குடும்பப் பதிவேடும் வைக்கப்பட்டது. இவற்றில் பிந்தைய காலத்தவற்றைப் பொதுமக்கள் நேரடியாகப் பார்க்க முடியாது. பூர்வீக ஊருக்குரிய குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நேரடி வாரிசு என்பதற்கான சான்றுகளைத் தலைமுறை வாரியாக இணைக்க வேண்டும்.

கடிதத்தை அந்தப் பகுதியின் மொழியில் எழுதுங்கள்: ஜெர்மன், பிரெஞ்சு அல்லது இத்தாலியன். ஒரே கடிதத்தில் ஒரே ஆளைப் பற்றி, பெயர், பூர்வீக ஊர், தோராயமான ஆண்டு கொடுத்து, ஒரே கேள்வி கேளுங்கள். "எங்கள் குடும்பத்தைப் பற்றி இருப்பதை எல்லாம் அனுப்புங்கள்" என்ற கடிதத்துக்குப் பயனுள்ள பதில் வருவதில்லை. கட்டணம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

10. பாதை நின்றுபோனால்

ஞானஸ்நானமே கிடைக்கவில்லை என்றால் குடும்பம் மறுஞானஸ்நானிகளா என்று பாருங்கள். மென்னோனைட், ஆமிஷ் குடும்பங்களின் முன்னோர் இவர்கள். குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தவர்கள் என்பதால் ஊர்ப் பதிவேட்டில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அவர்கள் நீதிமன்றத்திலும் அபராதப் பட்டியலிலும் இருப்பார்கள். பெர்னில் ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்துக்கும் ஒழுக்க நீதிமன்றம் இருந்தது. அதன் குறிப்பேடுகள் பொறுமையாகப் படிப்பவருக்குப் புதையல்.

அமெரிக்க ஆவணம் "பாலட்டினேட்" என்று சொல்கிறதா? முப்பதாண்டுப் போரில் ஆளில்லாமல் போன அந்த ஜெர்மன் பகுதியிலும், அல்சாஸிலும் 1648க்குப் பிறகு ஏராளமான சுவிஸ் குடும்பங்கள் போய்க் குடியேறின. இரண்டு மூன்று தலைமுறை அங்கே இருந்துவிட்டு பென்சில்வேனியா போனார்கள். அந்த இடைக்கால ஊரின் தேவாலயப் பதிவில், முதலில் வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் "சுவிட்சர்லாந்தின் இன்ன ஊரிலிருந்து" என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டிக் குதிக்க முயலாதீர்கள்.

1850க்கு முன் எந்த ஊரின் குடியுரிமையும் இல்லாமல் நாடோடிகளாக வாழ்ந்த குடும்பங்களும் இருந்தன. அந்த ஆண்டின் கூட்டரசுச் சட்டம் அவர்களுக்கு ஊர்களை ஒதுக்கியது. 19ஆம் நூற்றாண்டில் மட்டும் திடீரென்று ஓர் ஊரில் தோன்றும் பெயருக்கு இது காரணமாக இருக்கலாம். அப்படியானால் ஊர்ப் பதிவேட்டை விட்டுவிட்டு, கன்டன் காப்பகத்தில் அந்தக் குடியுரிமை வழங்கப்பட்ட கோப்பைக் கேளுங்கள்.